ஃபலாய்டின் குப்பி கைக்கு வந்திருக்கிறது, எவ்வளவு பயப்பட வேண்டும்?

பிப்பெட்காரி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். செல் பயாலஜி லேபில் பிஹெச்டி சேர்ந்திருக்கிறேன். கைடு ஒரு சின்னக் குப்பியைக் கொடுத்து, "ஆக்டினை ஸ்டெயின் பண்ணிப் பாரும்மா" என்றார் (ஆக்டின் என்பது செல்லுக்கு வடிவம் தரும் புரதம்). அலெக்சா ஃப்ளோர் 488 சாயம் ஒட்டிய ஃபலாய்டின். பக்கத்து மேசை சீனியர் அண்ணா எட்டிப் பார்த்து, "பார்த்து, டெத் கேப் காளான் விஷம் அது" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். குப்பி ஃப்ரீசரிலேயே இருக்கிறது.

ஆஸ்திரேலியாவில் லியோங்காத்தா என்ற ஊரில் 2023 ஜூலையில் மதிய விருந்துக்கு வந்த நான்கு பேரில் மூவர் இறந்தார்களே, அதே காளான்தானே இது? அப்படியென்றால் எல்லா லேபிலும் இதை எப்படிச் சாதாரணமாக வைத்திருக்கிறார்கள்? செல்லைப் பார்க்க விஷம்தான் வேண்டுமா, வேறு வழியே இல்லையா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பழைய_கன்ஃபோகல் எழுதியது:

அதே காளான்தான், அமானிட்டா ஃபலாய்டஸ். ஆனால் பயப்படுவதற்கு முன்னால் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்துவிடு தங்கச்சி.

வழக்கமாக வரும் 300 யூனிட் குப்பியை 1.5 மில்லிலிட்டர் மெத்தனாலில் கரைத்தால் 6.6 மைக்ரோமோலார் கரைசல் கிடைக்கும். அப்படியானால் குப்பி முழுவதிலும் இருப்பது சுமார் 10 நானோமோல். மூலக்கூறு எடை 1,300 சொச்சம், ஆகவே 13 மைக்ரோகிராம். ஃபலாய்டினை ஊசியில் ஏற்றினால் சுண்டெலிகளில் பாதி சாகும் அளவு, கிலோவுக்கு 2 மில்லிகிராம். 20 கிராம் சுண்டெலி ஒன்றுக்கே 40 மைக்ரோகிராம் வேண்டும். உன் குப்பி மொத்தத்தையும் ஏற்றினாலும் அந்த எலி பிழைத்துக்கொள்ளத்தான் வாய்ப்பு அதிகம். செல் ஒட்டியிருக்கும் ஒரு கவர்ஸ்லிப் கண்ணாடிக்கு நீ எடுக்கப் போவதோ 5 மைக்ரோலிட்டர். கம்பெனிக்குக் கம்பெனி அளவு மாறும், அதனால் டேட்டா ஷீட்டைப் பார்த்துக்கொள்.

கிளவுஸ் போடு, கரைக்கும்போது ஹூட்டில் வை. உண்மையைச் சொன்னால் அங்கே நான் கவலைப்படுவது மெத்தனாலைப் பற்றித்தான்.

விஷம்தான் வேண்டுமா என்று கேட்டாயே, அதற்கு வருகிறேன். ஆக்டின் செல்லுக்குள் இரண்டு வடிவில் இருக்கிறது: தனித்தனி உருண்டைப் புரதமாக, அப்புறம் கோத்த இழையாக. ஆன்டிபாடி (குறிப்பிட்ட புரதத்தைத் தேடி ஒட்டும் புரதம்) போட்டால் பெரும்பாலும் இரண்டிலும் ஒட்டும், படம் முழுக்க மங்கல். ஃபலாய்டின் இழையை மட்டும்தான் பிடிக்கும். பக்கத்துப் பக்கத்து ஆக்டின் மூலக்கூறுகள் சேரும் இடுக்கில் போய் உட்கார்ந்து அவற்றைப் பிரியவிடாமல் இறுக்கிவிடும். காளானுக்குள் அது விஷமாக இருப்பதற்குக் காரணமும் இந்தப் பிடிதான், உனக்குச் சாயமாக வேலை செய்வதும் இதே பிடிதான். விஷத்தன்மையைக் கழித்துவிட்டால் சாயமும் போய்விடும்.

ஆன்டிபாடியோடு ஒப்பிட்டால் மிகச் சின்ன மூலக்கூறு என்பது இன்னொரு வசதி. 2013ல் ஹார்வர்டில் ஷாவ்வெய் ஜுவாங் குழு, ஃபலாய்டினையும் சூப்பர் ரெசல்யூஷன் நுண்ணோக்கியையும் வைத்து நரம்பு செல்லின் நீண்ட வாலான ஆக்ஸானைப் பார்த்தார்கள். உள்சுவரை ஒட்டி ஆக்டின் வளையங்கள், ஏறக்குறைய 190 நானோமீட்டருக்கு ஒன்று, வரிசையாக. பல பத்தாண்டுகளாக ஆக்ஸானை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கும் அந்த வரிசை புதுசு.

ஈரல்_டாக்டர் எழுதியது:

மேலே சொன்ன கணக்கு சரி. ஆனால் இதைப் படித்துவிட்டு யாராவது "டெத் கேப் விஷம் ஒன்றும் பெரிசில்லை" என்று போய்விடக் கூடாது என்பதால் குறுக்கிடுகிறேன்.

அந்தக் காளானில் இரண்டு நச்சுக் குடும்பங்கள் இருக்கின்றன. ஃபலாய்டின் வகை ஒன்று, அமானிட்டின் வகை இன்னொன்று. ஃபலாய்டினை வாய் வழியாகச் சாப்பிட்டால் குடல் அதை உள்ளே எடுத்துக்கொள்வதில்லை. ஆளைக் கொல்வது ஆல்ஃபா அமானிட்டின். மனிதருக்குக் கிலோவுக்கு 0.1 மில்லிகிராம் அளவே உயிர்போகப் போதும் என்று சொல்வார்கள். 60 கிலோ ஆளுக்கு 6 மில்லிகிராம். நடுத்தரமான ஒரே ஒரு காளானில் அது இருக்கலாம். வேகவைத்தாலும் வறுத்தாலும் காயவைத்தாலும் குறையாது.

கொடுமை என்னவென்றால் இது வரும் விதம். சாப்பிட்டு 6 முதல் 12 மணி நேரம் எதுவுமே தெரியாது. பிறகு வாந்தி, பேதி, கடும் வயிற்றுவலி. அடுத்த நாளோ அதற்கடுத்த நாளோ எல்லாம் நின்று ஆள் தெளிவாகிவிடுவார். சாதாரண ஃபுட் பாய்சன் என்று வீட்டுக்கு அனுப்பப்படுவதும் இந்தக் கட்டத்தில்தான். ரத்தப் பரிசோதனையில் மட்டும் கல்லீரல் என்சைம்கள் ஏறிக்கொண்டே இருக்கும். மூன்றாம் நாளுக்கு மேல் மஞ்சள் காமாலை, ரத்தம் உறையாமை, நினைவு தடுமாற்றம். சிலருக்குக் கல்லீரல் மாற்று அறுவை சிகிச்சை ஒன்றே வழியாகிவிடுகிறது.

கல்லீரலை ஏன் தேடிப் போகிறது? கல்லீரல் செல்லின் சுவரில் பித்த உப்புகள் போன்றவற்றை உள்ளே இழுக்கும் கடத்திப் புரதம் ஒன்று உண்டு, ஓஏடிபி1பி3 என்று பெயர். அமானிட்டின் அதன் வழியாகவே நுழைந்துவிடுகிறது. பிறகு பித்தநீரோடு குடலுக்கு வந்து, அங்கிருந்து மறுபடி கல்லீரலுக்குச் சுற்றி வரும்.

பிப்பெட்காரி எழுதியது:

நன்றி அண்ணா, நன்றி டாக்டர். கணக்கைப் பார்த்த பிறகுதான் மூச்சு வந்தது. அந்த அமானிட்டினையும் லேபில் யாராவது வைத்திருக்கிறார்களா? அதை வைத்து என்ன செய்வார்கள்?

பழங்கதை_வேதியன் எழுதியது:

அதற்கு முன்னால் ஒரு குடும்பக் கதை சொல்லிவிடுகிறேன், எனக்கு ரொம்பப் பிடித்த கதை.

1930களில் மியூனிக். பித்த அமிலங்களுக்காக 1927ன் வேதியியல் நோபல் வாங்கிய ஹைன்ரிஷ் வீலாண்டின் ஆய்வகம். அவருடைய மாணவர் ஃபியோடோர் லீனன், உல்ரிஷ் வீலாண்டுடன் சேர்ந்து 1937ல் ஃபலாய்டினைப் படிகமாகப் பிரித்தெடுத்தார். அதே வருடம் அந்த மாணவர் ஆசிரியரின் மகளைக் கல்யாணம் செய்துகொண்டார். பின்னாளில் 1964ல் மருத்துவ நோபல் இந்த மருமகனுக்கும் வந்தது (கொலஸ்ட்ரால் ஆராய்ச்சிக்காக, காளானுக்காக அல்ல). 1941ல் ஹைன்ரிஷ் வீலாண்டும் ருடால்ஃப் ஹாலர்மையரும் அமானிட்டினைப் பிரித்தார்கள். அதன்பின் வீலாண்டின் மகன் தியோடோர், ஹைடல்பெர்க் மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்தில் வாழ்நாளில் பெரும்பகுதியை இந்தக் காளானிலேயே கழித்தார். ஒவ்வொரு நச்சின் அமைப்பையும் உடைத்துப் பார்த்து எழுதிவைத்தது அவர் குழுதான். அதே காளானிலிருந்து ஆன்டமனைடு என்று ஒன்றையும் எடுத்தார்கள். எலிக்கு அதை முதலில் கொடுத்துவிட்டுப் பிறகு ஃபலாய்டின் கொடுத்தால் எலி தப்பிவிடும்.

உன் குப்பிக்கும் இவருக்கும் நேரடி உறவு உண்டு. ஃபலாய்டின் வகையில் ஒளிரும் சாயத்தை ஒட்டி செல்லின் ஆக்டினைப் பார்க்கலாம் என்று 1979ல் வெளிவந்த கட்டுரையில் தியோடோர் வீலாண்டின் பெயரும் இருக்கிறது.

அமைப்பும் அழகு. ஃபலாய்டின் ஏழு அமினோ அமில வளையம், அமானிட்டின் எட்டு. இரண்டிலும் வளையத்துக்குக் குறுக்கே ட்ரிப்டோஃபேனையும் சிஸ்டைனையும் கந்தகத்தால் இணைத்த ஒரு பாலம். இவ்வளவு விசித்திரமான மூலக்கூறை, சில பாக்டீரியாவும் பூஞ்சையும் செய்வதுபோல, செல்லின் புரதத் தொழிற்சாலையான ரைபோசோம் இல்லாமல் தனி என்சைம் வைத்துத்தான் கட்டும் என்று பலர் எதிர்பார்த்தார்கள். 2007ல் மிச்சிகன் ஸ்டேட் பல்கலைக்கழகக் குழு மரபணுவைத் தேடிப் பார்த்தால், மற்றப் புரதம் மாதிரியே ரைபோசோமில்தான் தயாராகிறது. 35 அமினோ அமில நீளத்தில் ஒரு முன்வடிவம் வரும், அதிலிருந்து நடுவில் உள்ள துண்டை ஒரு என்சைம் வெட்டி வளையமாக்குகிறது.

ட்ரான்ஸ்கிரிப்ட் எழுதியது:

அமானிட்டின் என்றால் என் ஏரியா.

1966ல் இத்தாலியின் பொலோனியாவில் ஃபியூமேயும் ஸ்டிர்ப்பேயும், அமானிட்டின் கொடுத்த சுண்டெலிகளின் கல்லீரல் செல் கருவில் ஆர்என்ஏ தயாரிப்பு விழுந்துவிடுகிறது என்று பார்த்தார்கள். எப்படி விழுகிறது என்பதற்குப் பதில் வேறு திசையிலிருந்து வந்தது. 1969ல் வில்லியம் ரட்டரின் மாணவராக இருந்த ராபர்ட் ரோடர், கடல் முள்ளெலியின் கருவிலிருந்தும் எலிக் கல்லீரலிலிருந்தும் சாறு எடுத்து, புரதங்களைப் பிரிக்கும் குழாயில் (column) ஓட்டிப் பார்த்தார். மரபணுவைப் படித்து ஆர்என்ஏ எழுதும் என்சைமான ஆர்என்ஏ பாலிமரேஸ் ஒன்றல்ல, வெவ்வேறு பாலிமரேஸ்கள் தனித்தனியாக இறங்கின. 1, 2, 3 என்று இன்றைக்கும் சொல்கிறோமே, அந்த வரிசை.

மூன்று இருக்கிறது, சரி. எது எந்த மரபணுவைப் படிக்கிறது? இங்கேதான் காளான் வருகிறது. 1970ல் ரட்டர் குழுவும், தனியாக ஸ்ட்ராஸ்பூர்கில் பியேர் ஷாம்போன் குழுவும், அமானிட்டின் பாலிமரேஸ் 2ஐ மட்டும் நிறுத்துகிறது என்று காட்டினார்கள். பாலூட்டிகளில் பாலிமரேஸ் 2ஐப் பாதியாகக் குறைக்க மில்லிலிட்டருக்கு 0.02 மைக்ரோகிராம் போதும். பாலிமரேஸ் 3க்கு ஏறக்குறைய ஆயிரம் மடங்கு, 20 மைக்ரோகிராம் அளவு வேண்டும். பாலிமரேஸ் 1 அதற்கும் அசையாது.

இந்த இடைவெளியை வைத்துக்கொண்டு என்ன செய்யலாம் என்று பாருங்கள். தெரியாத ஒரு ஆர்என்ஏ இருக்கிறது, யார் எழுதியது? கொஞ்சம் அமானிட்டின் போடு. நின்றுவிட்டால் பாலிமரேஸ் 2. நிறையப் போட்டால்தான் நிற்கிறதா, பாலிமரேஸ் 3. எவ்வளவு போட்டாலும் கவலைப்படாமல் ஓடுகிறதா, பாலிமரேஸ் 1. புரதத் தயாரிப்பில் உதவும் டிஆர்என்ஏவும் 5எஸ் ஆர்என்ஏவும் மூன்றாமவனின் வேலை என்று 1974ல் தெரிந்தது இப்படித்தான். 2004ல் சியோலில் நாரி கிம் குழு மைக்ரோஆர்என்ஏ (மற்ற மரபணுக்களை அடக்கும் குட்டி ஆர்என்ஏ) மரபணுக்களைப் பாலிமரேஸ் 2 படிக்கிறது என்று சொன்னபோதும் சாட்சிகளில் ஒன்று இதே அமானிட்டின்.

கரு வளர்ச்சியிலும் இதற்குப் பெரிய இடம் உண்டு. சுண்டெலிக் கருவை அமானிட்டினில் வைத்தால் முதல் பிரிவு நடக்கும், இரண்டு செல்லில் வந்து நின்றுவிடும். அதுவரை கரு தாயின் முட்டையில் ஏற்கெனவே இருந்த ஆர்என்ஏவில் ஓடியிருக்கிறது, அதற்குமேல் சொந்த மரபணு விழித்தால்தான் வண்டி நகரும். மனிதக் கருவில் இந்த விழிப்பு நான்குக்கும் எட்டுக்கும் இடைப்பட்ட செல் கட்டத்தில் என்று 1988ல் காட்டியதிலும் இதே நஞ்சுக்குப் பங்கு உண்டு.

கேள்விமன்னன் எழுதியது:

வரலாறு எல்லாம் அருமைதான். இன்றைக்கு யார் சார் அமானிட்டின் போடுகிறார்கள்? செல்லுக்குள் போகவே மணிக்கணக்காகிறது. போன பிறகு பாலிமரேஸ் 2ன் பெரிய துண்டான ஆர்பிபி1 புரதமே சிதைந்து போகிறது, நிறுத்தினோமா அழித்தோமா என்றே சொல்ல முடியாது. இதை வைத்து ஆர்என்ஏவின் அரை ஆயுளை (பாதி அழிய ஆகும் நேரத்தை) அளந்து வெளியிட்டவர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்புத்தான் வருகிறது. ஆர்என்ஏ தயாரிப்பை நிறுத்தும் ஆக்டினோமைசினுக்கும் குறை உண்டு, ஆனால் நிமிடக்கணக்கில் வேலை செய்கிறது. அதே வேலைக்கு ட்ரிப்டோலைடு இருக்கிறது, ஃப்ளேவோபிரிடால் இருக்கிறது. இது அருங்காட்சியகச் சரக்கு.

ட்ரான்ஸ்கிரிப்ட் எழுதியது:

அரை ஆயுள் அளக்க இது மோசமான தேர்வு என்பதில் எனக்கும் மறுப்பில்லை. 30 நிமிட ஆயுள் உள்ள ஆர்என்ஏவை, உள்ளே நுழையவே சில மணி நேரம் எடுக்கும் பொருளால் அளக்க முடியாது. யாராவது அப்படிக் கட்டுரை அனுப்பினால் நானும் திருப்பித்தான் அனுப்புவேன்.

ஆனால் "அருங்காட்சியகம்" என்று சொல்வது அநியாயம். நீங்கள் குறை என்று சொன்ன அந்த ஆர்பிபி1 சிதைவே இன்னோர் இடத்தில் கருவியாகிறது. ஆர்பிபி1ல் 792வது இடத்தில் அஸ்பராஜினை அஸ்பார்டிக் அமிலமாக மாற்றினால் பாலிமரேஸ் அமானிட்டினைச் சட்டை செய்யாது. அந்த வடிவத்தில் நமக்கு வேண்டிய இன்னொரு மாற்றத்தையும் சேர்த்து செல்லுக்குள் விடுகிறோம். பிறகு அமானிட்டின். செல்லின் சொந்தப் பாலிமரேஸ் அழிந்துபோகும், நாம் விட்டது மட்டும் ஓடும். மனித ஆர்பிபி1ன் வாலில் ஏழு அமினோ அமிலத் தொடர் 52 முறை திரும்பத் திரும்ப வருகிறதே, அதை வெட்டினால் ஆர்என்ஏவின் முனை, ஸ்ப்ளைசிங் (ஆர்என்ஏவை வெட்டி ஒட்டுவது) எல்லாம் என்ன ஆகிறது என்று 1990களில் கண்டுபிடித்தது இந்த வித்தையால்தான். இன்றும் அந்தச் செல் வரிசைகளை வைத்து வேலை செய்கிறார்கள். ட்ரிப்டோலைடால் இதைச் செய்து காட்டுங்கள் பார்ப்போம்.

ராஜர் கோர்ன்பெர்க் குழு 2002ல் ஈஸ்ட் பாலிமரேஸ் 2ல் அமானிட்டின் உட்கார்ந்திருக்கும் படத்தை 2.8 ஆங்ஸ்ட்ராம் துல்லியத்தில் வெளியிட்டது. டிஎன்ஏ நகரும்போது வளைந்து கொடுக்க வேண்டிய ஒரு ஹெலிக்ஸை (புரதச் சுருளை) பிடித்துக்கொண்டு நிற்கிறது. நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கில் எழுத்துக் கோக்கும் என்சைம், சில எழுத்துகளுக்கு இறங்கிவிடுகிறது. முழுக்க நிற்பதுகூட இல்லை, தவழ்கிறது. இந்தப் படம் இல்லாமல் பாலிமரேஸ் எப்படி ஓர் அடி முன்னே வைக்கிறது என்ற விவாதம் இவ்வளவு தூரம் வந்திருக்காது.

கேள்விமன்னன் எழுதியது:

792 விஷயத்தை ஏற்றுக்கொள்கிறேன். அரை ஆயுள் விஷயத்தில் நீங்கள் என் பக்கம் வந்துவிட்டீர்கள், அது போதும் :)

கான்பரா_வாசி எழுதியது:

லேப் பேச்சுக்கு நடுவில் ஒரு வீட்டுச் செய்தி. இங்கே கான்பராவில் இந்தக் காளான் தெருவோர ஓக் மரத்தடியில் முளைக்கிறது. ஐரோப்பாவிலிருந்து ஓக் கன்றுகளின் வேரோடு வந்து குடியேறியது. 2011ன் கடைசி நாளில் இங்கே இதைச் சமைத்துச் சாப்பிட்டதில் இருவர் இறந்தார்கள். ஆசியாவிலிருந்து வந்தவர்கள் இதை வைக்கோல் காளான் என்று நினைத்துப் பறிப்பது அமெரிக்காவிலும் நடந்திருக்கிறது. இளசாக இருக்கும்போது இரண்டும் முட்டை போல உறைக்குள் இருக்கும். ஊரில் மழைக்குப் பிறகு புற்றுக் காளான் பறித்துப் பழகிய நம்மவர்களும் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். நம் ஊர்க் கண் இங்கே உதவாது.

வெள்ளிக் கரண்டி கறுக்கும், பூச்சி அரித்திருந்தால் நல்ல காளான் என்பதெல்லாம் பொய். செய்தித்தாள் சோதனை ஒன்று இருப்பதாகப் படித்தேன், அது எப்படி?

பழங்கதை_வேதியன் எழுதியது:

அது பொய்யில்லை, மைக்ஸ்னர் சோதனை என்று பெயர். காளான் சாற்றை மலிவான செய்தித்தாளில் ஒரு சொட்டு பிழிந்து, சூடு காட்டாமல் உலரவிட்டு, அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை ஒரு சொட்டு வைப்பார்கள். அமானிட்டின் இருந்தால் சில நிமிடத்தில் நீலம் படரும். காகிதத்தில் இருக்கும் லிக்னின்தான் வினை புரிகிறது. அதனால்தான் மலிவுத் தாள், நல்ல வெள்ளைத் தாளில் வராது.

ஈரல்_டாக்டர் எழுதியது:

தயவுசெய்து யாரும் அதை வைத்துச் சாப்பிடலாமா கூடாதா என்று முடிவெடுக்க வேண்டாம். சைலோசைபின் உள்ள காளானும் நிறம் காட்டும், வெயில் பட்ட தாளும் ஏமாற்றும். நீலம் வரவில்லை என்பதால் காளான் நல்லது என்றும் ஆகாது. ஆபத்து டெத் கேப்போடு முடிவதும் இல்லை, சில கலரைனா, லெபியோட்டா வகைகளிலும் அமானிட்டின் உண்டு.

அசாமில் 2022 ஏப்ரலில் காட்டுக் காளான் சாப்பிட்டு 13 பேர் இறந்தார்கள், பலரும் தேயிலைத் தோட்டக் குடும்பங்கள். சந்தேகம் வந்தால் மிச்சக் காளானை, சமைத்ததாக இருந்தாலும், காகிதப் பையில் எடுத்துக்கொண்டு நேராக மருத்துவமனைக்கு வாருங்கள். எத்தனை மணிக்குச் சாப்பிட்டது, எத்தனை மணிக்கு முதல் வாந்தி என்பதைச் சொன்னால் எங்களுக்குப் பாதி வேலை முடிந்த மாதிரி.

மட்டுறுத்துநர்: அமானிட்டின் எங்கே வாங்கலாம், விலை என்ன என்று கேட்டிருந்த ஒரு பதிவு நீக்கப்பட்டது. லேபுக்கு வேண்டுமானால் உங்கள் நிறுவனம் வழியாக வாங்குங்கள்.

மைலோமா_வாசகன் எழுதியது:

குடும்பத்தில் ஒருவருக்கு மல்டிபிள் மைலோமா என்ற ரத்தப் புற்று இருப்பதால் இந்தப் பக்கம் வந்தேன். அமானிட்டினையே புற்றுநோய் மருந்தாக்குகிறார்கள் என்று கேள்விப்பட்டேன். உண்மையா?

ட்ரான்ஸ்கிரிப்ட் எழுதியது:

உண்மை, ஆனால் சோதனைக் கட்டத்தில் இருக்கிறது. ஹைடல்பெர்க் ஃபார்மா என்ற ஜெர்மன் நிறுவனம் அமானிட்டினை ஆன்டிபாடியில் கட்டி அனுப்புகிறது. எச்டிபி-101 என்ற மருந்து, மைலோமா செல்லின் மேலே இருக்கும் பிசிஎம்ஏ புரதத்தைத் தேடிப் போகும். முதல் நோயாளிக்கு 2022ல் கொடுத்தார்கள்.

இதில் எனக்குப் பிடித்தது தர்க்கம். ஆன்டிபாடியில் கட்டி அனுப்பும் மற்றப் பல மருந்துகள் செல் பிரியும்போதுதான் கொல்லும். தூங்கிக் கிடக்கும் செல்லும் ஆர்என்ஏ எழுதித்தான் ஆக வேண்டும், ஆகவே அமானிட்டினிடம் அதுவும் தப்பாது. இன்னொன்று, புற்றைத் தடுக்கும் பி53 மரபணு இருக்கும் 17ஆம் குரோமோசோமில் அதன் பக்கத்திலேயே ஆர்பிபி1க்கான மரபணுவும் இருக்கிறது. புற்று செல் பி53ன் ஒரு பிரதியைத் தொலைக்கும்போது அடிக்கடி இதையும் சேர்த்துத் தொலைத்துவிடும். அப்படிப்பட்ட செல்கள் குறைந்த அமானிட்டினுக்கே மடிகின்றன என்று 2015ல் எலிகளில் காட்டினார்கள்.

ஈரல்_டாக்டர் எழுதியது:

நண்பரே, உங்கள் குடும்பத்தவருக்கு இது பொருந்துமா என்பதை அவரைப் பார்க்கும் ரத்தநோய் நிபுணர்தான் சொல்ல வேண்டும். சோதனையில் சேர வழி இருக்கிறதா என்று தயங்காமல் கேளுங்கள். எனக்கு இதில் இருக்கும் கவலை கல்லீரல்தான். ஆன்டிபாடியோடு கட்டியிருக்கும்வரை அந்தக் கடத்தி வழியாக நுழையாது, ஆனால் வழியில் கழன்று விழுவது எவ்வளவு என்பதைப் பார்க்க வேண்டும்.

மாற்று மருந்து பற்றி யாரும் கேட்கவில்லை, சொல்லிவிடுகிறேன். இன்றைக்கு எங்களிடம் இருப்பது திரவம், கரித்தூள், என்-அசிட்டைல்சிஸ்டைன், கிடைத்தால் பால் நெருஞ்சிலிலிருந்து எடுத்த சிலிபினின் ஊசி. எதுவும் அடித்துச் சொல்லும்படி நிரூபணமானதில்லை. 2023ல் சீனாவின் குவாங்சோவில் ஒரு குழு மரபணுவை வெட்டும் கிரிஸ்பர் கருவியால் மரபணுக்களை ஒவ்வொன்றாக முடக்கி, எது இல்லாவிட்டால் செல் அமானிட்டினில் பிழைக்கிறது என்று தேடியது. எஸ்டிடி3பி என்ற என்சைம் சிக்கியது. அதைத் தடுக்க, ரத்தநாளப் படம் எடுக்க நாங்கள் ஏற்கெனவே பயன்படுத்தும் இண்டோசயனைன் கிரீன் சாயமே உதவும் என்றும், எலிகள் பிழைப்பது கூடுகிறது என்றும் காட்டினார்கள். சீக்கிரம் கொடுத்தால்தான் பலன். நோயாளி எங்களிடம் வருவதே தாமதமாகத்தான் என்பதால் நான் அடக்கித்தான் வாசிக்கிறேன்.

பிப்பெட்காரி எழுதியது:

கேட்டது கொஞ்சம், கிடைத்தது மலை! கடைசியாக ஒரு வேலைக் கேள்வி. எங்கள் லேபில் ட்யூபுலின் (செல்லின் இன்னோர் இழைப் புரதம்) ஆன்டிபாடிக்காக எப்போதும் குளிர்ந்த மெத்தனாலில்தான் செல்லை ஃபிக்ஸ் செய்வார்கள், அதாவது அப்படியே நிலைநிறுத்துவார்கள். அதே கவர்ஸ்லிப்பில் ஃபலாய்டினும் போடலாமா?

பழைய_கன்ஃபோகல் எழுதியது:

போடாதே. மெத்தனால் ஆக்டின் இழையின் அமைப்பைக் குலைத்துவிடும், ஃபலாய்டினுக்குப் பிடிக்க இடம் இருக்காது. 4 சதவீத பாராஃபார்மால்டிஹைடில் ஃபிக்ஸ் செய், 0.1 சதவீத ட்ரைட்டான் டிடர்ஜென்டால் செல் சுவரைத் திற (ஃபலாய்டின் தானாக உள்ளே போகாது), பிறகு 20 முதல் 30 நிமிடம் இருட்டில் வை. குப்பியைக் கரைக்க ஊற்றும் மெத்தனாலைப் பற்றிக் குழம்பாதே, ஸ்டெயின் செய்யும்போது பஃபரில் நீர்த்துவிடுவதால் தொல்லை இல்லை. ட்யூபுலினும் வேண்டுமென்றால் ஃபார்மால்டிஹைடிலேயே வேலை செய்யும் ஆன்டிபாடியாகத் தேடு.

படம் எடுக்க வாரக்கணக்கில் தள்ளிப்போடாதே, பிடிப்பு கழன்று மங்கும். கோஃபிலின் புரதம் மூடியிருக்கும் இழைகளில் ஃபலாய்டின் ஒட்டாது, ஆகவே வெளிச்சம் இல்லாத இடத்தில் ஆக்டினே இல்லை என்று எழுதிவிடாதே. உயிரோடு இருக்கும் செல்லில் பார்க்க வேண்டுமானால் ஆக்டினில் ஒட்டும் லைஃப்ஆக்ட் போன்றவை இருக்கின்றன, அது வேறு பதிவுக்கான பேச்சு. மிச்சக் கரைசலை சிங்க்கில் ஊற்றாமல் மெத்தனால் கழிவு பாட்டிலில் ஊற்றி, மேலே பெயர் எழுதி வை.